இரைப்பை லிம்போமா: வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புற்றுநோய்ப் பிரிவில் நோயாளிகளுடனும் அவர்கள் வீட்டாருடனும் உட்கார்ந்து பேசுவது என் வேலை. இரைப்பை லிம்போமா என்று தெரிந்ததும் வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் டாக்டரிடம் பேசப் போகும்முன் படித்துக்கொள்ள இது உதவும். அவருடைய முடிவுக்கு மாற்றாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1. வயித்துல லிம்போமான்னா அது வயித்துப் புற்றுநோய்தானே? எதுக்கு வேற பேரு சொல்றாங்க?

வழக்கமாக நாம் இரைப்பைப் புற்றுநோய் என்று சொல்வது இரைப்பையின் உள்சுவரில் உள்ள சுரப்பி செல்களில் தொடங்குவது. லிம்போமா, நோய் எதிர்ப்புக்காக உடலில் சுற்றும் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களில் தொடங்குவது. இரண்டும் இரைப்பையில்தான் இருக்கின்றன என்றாலும் நோய் வேறு, போக்கு வேறு, சிகிச்சையும் வேறு. இரைப்பையில் வரும் புற்றுநோய்களில் லிம்போமாவின் பங்கு 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் நிணநீர்க்கணுக்களுக்கு வெளியே லிம்போமா தொடங்கும் இடங்களில் உணவுப்பாதைதான் முதலிடம், அதிலும் இரைப்பையே அதிகம்.

தெரிந்தவர் ஒருவருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்து என்ன ஆனது என்ற கதையை வைத்து உங்கள் வீட்டு நோயாளியின் நிலையைக் கணிக்காதீர்கள். பெரும்பாலும் அந்தக் கதை இங்கே பொருந்தாது.

2. நல்ல வகை, மோசமான வகைன்னு ரெண்டு இருக்காமே?

முக்கியமாக இரண்டு வகை. ஒன்று மால்ட் லிம்போமா (உறுப்புகளின் உள்படலத்தைச் சார்ந்த நிணநீர்த் திசு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் மால்ட்). மெதுவாக வளரும், வருடக்கணக்கில் இரைப்பையைத் தாண்டாமல் இருக்கக்கூடியது. இன்னொன்று டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் லிம்போமா, சுருக்கமாக டி.எல்.பி.சி.எல். இது வேகமாக வளரும். சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது. ஆனாலும் கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படக்கூடியது, பலருக்கு முழுமையாகக் குணமாகிறது. அதனால் 'மோசமான வகை' என்று கேட்டதும் இடிந்துபோக வேண்டாம். மேன்டில் செல் லிம்போமா, டி-செல் லிம்போமா போன்றவையும் இரைப்பையில் வரும், ஆனால் அரிது.

இந்தப் பக்கத்தில் நான் திரும்பத் திரும்ப வலியுறுத்தப் போவது ஒன்றுதான். 'இரைப்பையில் லிம்போமா' என்பது பாதி நோயறிதல். எந்த வகை என்று தெரிந்த பிறகுதான் சிகிச்சையைப் பற்றிப் பேசவே முடியும். ஒருவருக்கு இரண்டு வார மாத்திரை போதும், இன்னொருவருக்கு மாதக்கணக்கில் கீமோ வேண்டும். இருவரின் எண்டோஸ்கோபிப் படங்களும் ஒரே மாதிரி இருக்கலாம்.

3. ஒரு கிருமியால கேன்சர் வருதுன்னு சொல்றாங்க. நம்பவே முடியலையே?

மால்ட் லிம்போமாவில் அது உண்மை. கிருமியின் பெயர் ஹெலிகோபேக்டர் பைலோரி. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் இருவரும் இதைக் கண்டறிந்தார்கள். 2005-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். 1983-இல் பீட்டர் ஐசக்சன், டென்னிஸ் ரைட் இருவரும் மால்ட் லிம்போமாவைத் தனி நோயாக விவரித்தார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது 1991-இல் தெளிவானது. லண்டனில் ஆராயப்பட்ட 110 மால்ட் லிம்போமா நோயாளிகளில் 101 பேரின் இரைப்பையில் இந்தக் கிருமி இருந்தது. 1993-இல் அதே குழு ஆறு நோயாளிகளுக்குக் கிருமியை ஒழிக்கும் மருந்தை மட்டும் கொடுத்தது. ஐந்து பேருக்கு லிம்போமா மறைந்தது. புற்றுநோய் ஒன்று ஆன்டிபயாடிக்கால் பின்வாங்கியது மருத்துவ உலகத்துக்கே பெரிய செய்தி.

ஆரோக்கியமான இரைப்பையில் லிம்போசைட்டுகள் கூட்டமாகக் குடியிருப்பதில்லை. கிருமி வந்து பல வருடம் தங்கி, உள்சுவரில் அழற்சி உண்டாகும்போதுதான் அவை அங்கே வந்து சேர்கின்றன. கிருமி கொடுக்கும் தூண்டுதலால் பெருகிக்கொண்டே போகும் அந்தக் கூட்டத்தில், மரபணு மாற்றம் ஏற்பட்ட ஒரு செல்லின் வாரிசுகள் மற்றவற்றை மிஞ்சிவிடுகின்றன. அதுதான் லிம்போமா. ஆரம்பக் கட்டத்தில் அந்தச் செல்கள் உயிர்வாழக் கிருமியின் தூண்டுதல் இன்னும் தேவைப்படுகிறது. கிருமியை அகற்றினால் அவை வாடிப்போவதற்குக் காரணம் இதுதான்.

4. அப்படின்னா இது ஒட்டுமா? வீட்டுல எல்லாரும் டெஸ்ட் எடுக்கணுமா?

லிம்போமா ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. கூட உட்கார்ந்து சாப்பிடலாம், பேரப்பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சலாம். கிருமி பரவக்கூடியதுதான்; பெரும்பாலும் சிறுவயதில், குடும்பத்துக்குள்ளேயே பரவுகிறது. உலகில் கோடிக்கணக்கானவர்கள் இரைப்பையில் அது இருக்கிறது. அவர்களில் மிக மிகச் சிலருக்குத்தான் லிம்போமா வருகிறது. வீட்டில் யாருக்காவது தீராத வயிற்றெரிச்சல், புண், ரத்தசோகை இருந்தாலோ, இரைப்பைப் புற்றுநோய் குடும்பத்தில் வந்திருந்தாலோ அவர்கள் டாக்டரிடம் கேட்டுச் சோதித்துக்கொள்ளலாம்.

5. ரெண்டு வருஷமா அசிடிட்டின்னுதான் மாத்திரை போட்டுட்டு இருந்தார். முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கலாமோ?

உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். இதன் அறிகுறிகள் சாதாரண வயிற்றுக் கோளாறு போலவே இருக்கும்: மேல்வயிற்றில் வலி, எரிச்சல், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்த உணர்வு, குமட்டல். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையில் சில நாள் அடங்கவும் செய்யும். மற்ற லிம்போமாக்களில் வரும் காய்ச்சல், இரவு வியர்வை போன்றவை மால்ட் வகையில் அபூர்வம்.

காரணமில்லாமல் எடை குறைதல், தார் போலக் கறுப்பாக மலம் போதல், ரத்த வாந்தி, ரத்தசோகை, தொடர்ந்து வாந்தி: இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரையில் நாள் கடத்தாமல் எண்டோஸ்கோபி செய்யவேண்டும்.

6. எண்டோஸ்கோபியில வெறும் புண்ணுன்னு வந்துச்சு. இப்போ மறுபடியும் பண்ணணும்னு ஏன் சொல்றாங்க?

இதைத்தான் வீட்டார் அதிகமாக எதிர்க்கிறார்கள். ஆனால் எல்லா முடிவும் நிற்பது இந்தப் பரிசோதனையின் மேல்தான். லிம்போமா எண்டோஸ்கோபியில் பல வேடம் போடும். ஒருவருக்குச் சிறு சிவப்பு, ஒருவருக்குச் சாதாரணப் புண், இன்னொருவருக்குத் தடித்த மடிப்புகள், சிலருக்கு ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. கண்ணால் பார்த்து 'இது லிம்போமாதான்' என்றோ 'இல்லை' என்றோ யாராலும் சொல்ல முடியாது. திசுவை எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

அந்தத் திசு போதுமான அளவு இருக்கவேண்டும். லிம்போமா உள்சுவரின் மேற்படலத்துக்கு அடியில் பரவியிருக்கலாம். இடுக்கி மேலோட்டமாகக் கிள்ளினால் வெறும் அழற்சி என்றே அறிக்கை வரும். மால்ட் ஒரே நேரத்தில் பல இடங்களில் திட்டுத்திட்டாக இருப்பதும் உண்டு. அதனால் சந்தேகமான இடத்திலிருந்து குறைந்தது பத்துத் துண்டுகள், அதோடு இரைப்பையின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும், உணவுக்குழாய் சேரும் இடத்திலிருந்தும், சிறுகுடலின் தொடக்கத்திலிருந்தும் சில துண்டுகள் எடுக்கச் சொல்கிறார்கள். முதல் தடவை ஒன்றிரண்டு துண்டுதான் எடுத்திருந்தார்கள் என்றால் இரண்டாவது எண்டோஸ்கோபி வீண் செலவில்லை.

7. ரிப்போர்ட்டுல சிடி20, சிடி5, கேஐ-67ன்னு ஏதேதோ போட்டிருக்கு. நாங்க எதைப் பார்க்கணும்?

முதலில் பார்க்கவேண்டியது கடைசி வரி: வகையின் பெயர் தெளிவாக எழுதியிருக்கிறதா? 'லிம்போமா இருக்கலாம்' என்று மட்டும் இருந்தால் வேலை முடியவில்லை. மற்றவை அந்த வகையைப் பிரித்தறிய உதவும் சாயச் சோதனைகள். சிடி20 பாசிட்டிவ் என்றால் பி-செல் வகை, அதாவது லிம்போசைட்டுகளில் பி என்ற பிரிவில் தொடங்கியது. ரிடுக்சிமாப் என்ற மருந்து பிடித்துக்கொள்வதும் இந்த சிடி20-ஐத்தான். மால்ட்டில் சிடி5, சிடி10, சைக்ளின் டி1 மூன்றும் பொதுவாக நெகட்டிவ். சைக்ளின் டி1 பாசிட்டிவ் என்றால் மேன்டில் செல் வகையை நினைக்கவேண்டும். அது முற்றிலும் வேறு பாதை. கேஐ-67 செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதன் அளவு. மால்ட்டில் குறைவாகவும் டி.எல்.பி.சி.எல்.லில் அதிகமாகவும் இருக்கும்.

நாள்பட்ட அழற்சிக்கும் ஆரம்ப மால்ட்டுக்கும் உள்ள எல்லை மெல்லியது. லிம்போமாவில் நிறைய அனுபவமுள்ள நோய்க்குறியியல் நிபுணர் ஒருவரிடம் அதே ஸ்லைடையும், பயாப்ஸித் திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் கட்டியையும் காட்டி இரண்டாவது கருத்து வாங்குவதை நான் எப்போதும் ஆதரிப்பேன். அதற்காக டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

8. கிருமி டெஸ்ட் நெகட்டிவ்னு வந்துடுச்சு. அப்போ ஆன்டிபயாடிக் வேலை செய்யாதுதானே?

அந்த நெகட்டிவ் உண்மையான நெகட்டிவா என்று முதலில் பார்க்கவேண்டும். ஓமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டே மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்தால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டலாம். அவற்றை இரண்டு வாரம் முன்பும், ஆன்டிபயாடிக்கை நான்கு வாரம் முன்பும் நிறுத்தியிருக்கவேண்டும் (நிறுத்துவதை டாக்டரிடம் கேட்டே செய்யுங்கள், ரத்தக்கசிவு உள்ளவர்கள் குறிப்பாக). பயாப்ஸியில் (எடுத்த திசுவைச் சோதிப்பதில்) தெரியவில்லை என்றால் மூச்சுச் சோதனை, மலச் சோதனை, ரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனை என்று இன்னொரு வழியிலும் பார்ப்பார்கள்.

எல்லாமே நெகட்டிவ் என்றாலும் மால்ட் வகைக்கு முதலில் ஒருமுறை கிருமி ஒழிப்பு மருந்து கொடுத்துப் பார்ப்பது வழக்கம். சிறுபான்மையினருக்கு அதிலும் பலன் கிடைக்கிறது. இழப்பதற்கு அதிகம் இல்லாத முயற்சி.

9. பெட் ஸ்கேன்ல ஒண்ணுமே ஒளிரலையாம். நோய் இல்லைன்னு எடுத்துக்கலாமா?

கூடாது. இந்த ஸ்கேனில் கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையைச் செலுத்தி, அதை அதிகம் உறிஞ்சும் இடங்களைப் படத்தில் பார்க்கிறார்கள். மெதுவாக வளரும் மால்ட் செல்கள் சர்க்கரையைக் குறைவாக உறிஞ்சுவதால் பெட் ஸ்கேனில் பல நேரம் தெரியாது. டி.எல்.பி.சி.எல். பளிச்சென்று ஒளிரும், அதற்கு பெட் ஸ்கேன் மிகவும் பயன்படும். மால்ட் என்று உறுதியான இடத்தில் ஏதோ ஒரு பகுதி மட்டும் அதிகமாக ஒளிர்ந்தால், அங்கே வேகமான வகையாக மாறியிருக்கிறதா என்று பயாப்ஸி எடுத்துப் பார்ப்பார்கள்.

மற்றபடி மார்பு, வயிறு, இடுப்புக்கு சி.டி. ஸ்கேன், ரத்தத்தில் எல்.டி.எச். என்ற நொதியின் அளவு, தேவைப்பட்டால் எலும்பு மஜ்ஜைச் சோதனை. மால்ட்டில் நான் மிகவும் மதிப்பது எண்டோஸ்கோபி வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்ட். நோய் இரைப்பைச் சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, பக்கத்து நிணநீர்க்கணுக்கள் வீங்கியிருக்கின்றனவா என்பதை அது காட்டும். மேல் அடுக்குகளோடு நின்றிருந்தால் ஆன்டிபயாடிக் மட்டுமே பலிக்கும் வாய்ப்பு அதிகம்; தசை அடுக்குக்குள் போயிருந்தால் குறைவு.

10. ஸ்டேஜ் ரெண்டுக்கு அப்புறம் நேரா நாலுன்னு போட்டிருக்கே, தப்பா அடிச்சிட்டாங்களா?

தப்பில்லை. உணவுப்பாதை லிம்போமாவுக்குப் பல இடங்களில் பயன்படுத்தும் லுகானோ முறையில் மூன்றாம் நிலை கிடையாது. முதல் நிலையில் உணவுப்பாதைக்குள் மட்டும். இரண்டாம் நிலையில் வயிற்றுக்குள் உள்ள நிணநீர்க்கணுக்களுக்கோ ஒட்டியுள்ள உறுப்புக்கோ. நான்காம் நிலையில் அதைத் தாண்டிப் பரவியது. இன்னொன்று, லிம்போமாவில் நான்காம் நிலை என்பது மற்றப் புற்றுநோய்களில் பயமுறுத்தும் அந்த நான்காம் நிலை மாதிரி இல்லை. நான்காம் நிலை டி.எல்.பி.சி.எல். நோயாளிகளுக்கும் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் சிகிச்சை தொடங்குகிறார்கள்.

11. கேன்சருக்கு வெறும் ஆன்டிபயாடிக்கா? டாக்டர் சீரியஸா எடுத்துக்கலையோன்னு பயமா இருக்கு.

ஆரம்ப நிலை மால்ட்டுக்கு இதுதான் முதல் சிகிச்சை என்பது உலகெங்கும் ஏற்கப்பட்டது. கிருமி உள்ளவர்களில் சுமார் 75 முதல் 80 சதவீதத்தினருக்கு லிம்போமா மறைகிறது. அமிலக் குறைப்பு மாத்திரையோடு கிளாரித்ரோமைசின், அமாக்சிசிலின் அல்லது மெட்ரோனிடசோல் சேர்த்துப் பத்து முதல் பதினான்கு நாள் கொடுப்பார்கள். கிளாரித்ரோமைசினுக்குக் கிருமி பழகிப்போயிருக்கும் இடங்களில் பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்துக் கூட்டு.

மருந்தை ஒரு வேளைகூட விடாமல் முடிப்பது அவசியம். அரைகுறையாக நிறுத்தினால் எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமி மிஞ்சும். பிஸ்மத் எடுக்கும்போது மலமும் நாக்கும் கறுக்கும். அதைப் பார்த்து ரத்தக்கசிவு என்று பதற வேண்டாம். ஆனால் தார் போலப் பிசுபிசுப்பும் கெட்ட நாற்றமும், கூடவே தலைசுற்றலும் இருந்தால் உடனே போகவேண்டும். மெட்ரோனிடசோல் எடுக்கும் நாட்களில் மது கூடாது.

மருந்து முடிந்து நான்கு முதல் ஆறு வாரம் கழித்து, 8-ஆம் கேள்வியில் சொன்ன இடைவெளியைக் கடைப்பிடித்து, மூச்சுச் சோதனையில் கிருமி போனதை உறுதிசெய்யவேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கிருமி போகாமலிருந்தால் வேறு மருந்துக் கூட்டோடு இன்னொரு சுற்று.

12. கிருமி போயிடுச்சு. ஆனா மூணு மாசம் கழிச்சு எடுத்த பயாப்ஸியில லிம்போமா இன்னும் இருக்காம். கீமோ ஆரம்பிச்சுட வேண்டியதுதானா?

அவசரப்படாதீர்கள். கிருமி ஒழிந்த அன்றே லிம்போமா மறைவதில்லை. சிலருக்கு மூன்று மாதம், பலருக்கு ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகிறது. எண்டோஸ்கோபியில் புண் ஆறியிருக்கிறது, நோய் வளரவில்லை, நுண்ணோக்கியில் மட்டும் கொஞ்சம் மிச்சம் தெரிகிறது என்றால் சீரான இடைவெளியில் எண்டோஸ்கோபி செய்து ஒன்று முதல் இரண்டு வருடம் வரை காத்திருப்பது ஏற்கப்பட்ட வழி. அப்படிக் காத்திருந்தவர்களில் பெரும்பாலோருக்கு எந்தப் பாதகமும் வரவில்லை.

இந்தக் காத்திருப்பு வீட்டாருக்கு எவ்வளவு வேதனை என்பது எனக்குத் தெரியும். 'சும்மா இருக்கிறோமே' என்ற உறுத்தல் தூங்கவிடாது. ஆனால் கண்காணிப்போடு காத்திருப்பதும் சிகிச்சைதான். கிருமி போகவில்லை, நோய் வளர்கிறது, அறிகுறி மோசமாகிறது என்றால் மட்டும் அடுத்த கட்டத்துக்கு நகர்வார்கள்.

13. 11;18 இடமாற்றம் இருக்குன்னு சொன்னாங்க. அப்படின்னா என்ன?

பதினோராவது குரோமோசோமின் ஒரு துண்டும் பதினெட்டாவதின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இது லிம்போமா செல்லுக்குள் மட்டும் நடந்தது. பிள்ளைகளுக்குப் பரம்பரையாகப் போகாது. இதனால், 3-ஆம் கேள்வியில் சொன்ன கிருமித் தூண்டுதல் இல்லாமலே செல் தானாகப் பெருகக் கற்றுக்கொள்கிறது. எனவே ஆன்டிபயாடிக் மட்டும் பலிக்கும் வாய்ப்பு குறைவு, ரேடியேஷனுக்கு முன்கூட்டியே திட்டமிடுவார்கள். ஆறுதலான விஷயமும் உண்டு. இந்த மாற்றம் உள்ள மால்ட், டி.எல்.பி.சி.எல். ஆக மாறுவது அரிது.

14. வயித்துல ரேடியேஷன் கொடுத்தா உள்ள எல்லாம் வெந்துடாதா?

மால்ட்டுக்குத் தேவைப்படும் அளவு குறைவு: மொத்தம் 24 முதல் 30 கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அளவை), மூன்று நான்கு வாரங்களில் சிறுசிறு பங்காக. இரைப்பை சுருங்கி ஒரே அளவில் இருக்கவேண்டும் என்பதால் வெறும் வயிற்றோடு வரச்சொல்வார்கள். ஈரல், சிறுநீரகங்களைத் தவிர்த்துத் திட்டமிடுவார்கள். குமட்டலும் சோர்வும் வரலாம், மருந்து உண்டு. இரைப்பையோடு நின்ற மால்ட்டை ரேடியேஷன் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் கட்டுப்படுத்துகிறது. பரவியிருந்து தொந்தரவும் கொடுத்தால் ரிடுக்சிமாப், தனியாகவோ கீமோ மாத்திரை அல்லது ஊசியோடோ.

15. எங்களுக்கு டி.எல்.பி.சி.எல்.னு வந்திருக்கு. ஆர்-சாப்னா என்ன, எதுக்கு ரொம்ப பயப்படணும்?

ரிடுக்சிமாப், சைக்ளோபாஸ்ஃபமைட், டாக்ஸோரூபிசின், வின்கிரிஸ்டின், பிரெட்னிசலோன் (இது ஒரு ஸ்டீராய்டு) ஆகிய ஐந்தின் கூட்டு. பொதுவாக 21 நாளுக்கு ஒரு சுற்று, ஆறு சுற்று வரை. ஆரம்ப நிலையில் சுற்றுகள் குறையலாம், சிலருக்கு ரேடியேஷன் சேரும். கிருமி இருந்தால் அதையும் ஒழிப்பார்கள். டாக்ஸோரூபிசின் இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் முதலில் எக்கோ (இதயத்துக்கான அல்ட்ராசவுண்ட்) எடுப்பார்கள். ஊசி போட்ட ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போனால் அது மருந்தின் நிறம். வின்கிரிஸ்டினால் விரல் மரத்துப்போதலும் மலச்சிக்கலும் வரும், தெரிவியுங்கள்.

இரண்டு விஷயங்களுக்கு நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்கு ஓடவேண்டும். ஒன்று, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது தொற்று மணிக்கணக்கில் முற்றும். மற்றொன்று, திடீரென்று கடுமையான வயிற்றுவலி, ரத்த வாந்தி அல்லது கறுப்பு மலம். சுவர் முழுக்க லிம்போமா பரவியிருந்து அது வேகமாகக் கரையும்போது ஓட்டை விழவோ ரத்தம் கசியவோ கூடும். முதல் சில வாரங்களில் இந்த ஆபத்து அதிகம். ஸ்டீராய்டு வலியை மறைத்துக் காட்டும், அதனால் வலி லேசாக இருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது.

16. கேன்சருக்கு வந்தா ஹெபடைடிஸ் பி டெஸ்ட் எதுக்கு எடுக்கறாங்க?

ரிடுக்சிமாப் கொடுக்கும்போது, எப்போதோ வந்து உடலில் அடங்கிக் கிடக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் மறுபடி எழுந்து ஈரலைக் கடுமையாகத் தாக்கலாம். உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன. முன்பே தெரிந்தால் என்டெகாவிர் போன்ற மாத்திரையால் தடுத்துவிடலாம். சோதனை செய்யவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

17. இரைப்பையையே வெட்டி எடுத்துட்டா நிம்மதியா இருக்கலாமே?

ஒரு காலத்தில் அதுதான் சிகிச்சையாக இருந்தது. இன்று ஓட்டை விழுந்தால், அடைப்பு ஏற்பட்டால், வேறெந்த வழியிலும் நிற்காத ரத்தக்கசிவு இருந்தால் மட்டுமே. இரைப்பையைக் காப்பாற்றிக்கொண்டே அதே அளவு பலன் கிடைக்கும்போது, வாழ்நாள் முழுக்க வைட்டமின் பி12 ஊசியும் எடை இழப்பும் கொண்ட வாழ்க்கைக்கு ஒருவரைத் தள்ள நியாயமில்லை. வகை தெரிவதற்கு முன்பே யாராவது அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்தால், அவசர நிலை எதுவும் இல்லாதபட்சத்தில், லிம்போமா நிபுணர் ஒருவரைப் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள்.

18. ஒரே ரிப்போர்ட்டுல மால்ட்டும் இருக்கு, டி.எல்.பி.சி.எல்.லும் இருக்குன்னு போட்டிருக்கே?

மால்ட்டின் ஒரு பகுதி வேகமான வகையாக மாறும்போது இப்படி வரும். சிகிச்சை வேகமான வகையை வைத்தே முடிவாகும், அதாவது 15-ஆம் கேள்வியில் சொன்னது. அதோடு கிருமி ஒழிப்பும். கீமோவுக்குப் பிறகு மால்ட் பகுதி மட்டும் மிஞ்சினால் அதை 12-ஆம் கேள்வியில் சொன்னபடி அணுகுவார்கள்.

19. குணமாயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. இருந்தும் வருஷா வருஷம் எண்டோஸ்கோபி எதுக்கு?

இரண்டு காரணங்கள். மால்ட் பல வருடம் கழித்தும் திரும்பலாம். சிலருக்குக் கிருமி மறுபடி தொற்றியதால் திரும்பும், அப்போது மறுபடி கிருமியை ஒழித்தாலே பலருக்குச் சரியாகிறது. இரண்டாவது காரணத்தைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. பல வருட அழற்சியால் தேய்ந்த அந்த உள்சுவரில் 1-ஆம் கேள்வியில் சொன்ன வழக்கமான இரைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். நெதர்லாந்தில் நாடு முழுவதும் எடுத்த கணக்கில் சுமார் ஆறு மடங்கு என்று தெரிந்தது. ஆரம்பத்திலேயே பிடித்தால் எண்டோஸ்கோபி வழியாகவே அகற்றிவிட முடியும். முதல் இரண்டு வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை அல்லது ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான அட்டவணை.

20. எண்டோஸ்கோபி நார்மல், பயாப்ஸியும் நார்மல். ஆனா பி.சி.ஆர். டெஸ்ட்ல மட்டும் 'ஒரே வம்ச செல்கள் இருக்கு'ன்னு வருது. நோய் இருக்கா, இல்லையா?

திசுவில் உள்ள மரபணுத் துண்டுகளைப் பலமடங்கு பெருக்கிப் பார்க்கும் மிக நுட்பமான அந்தச் சோதனை, லிம்போமாவின் சொற்ப வாரிசுகள் இன்னும் எங்கோ இருப்பதைக் காட்டுகிறது. நோய் மறைந்தவர்களில் கணிசமானவர்களுக்கு இது வருடக்கணக்கில் பாசிட்டிவாகவே நிற்கிறது; பெரும்பாலோருக்கு நோய் திரும்புவதில்லை. இந்த ஒரு முடிவை மட்டும் வைத்துச் சிகிச்சை கொடுப்பதில்லை. 19-ஆம் கேள்வியில் சொன்ன அட்டவணைப்படி எண்டோஸ்கோபிக்கு வந்தால் போதும்.